வந்தாரா, வந்தாராமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: ஆராய்ந்து சிந்திப்பதைப் பழக்கமாக்கிக்கொள்வது எப்படி? அதனால் இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் மருத்துவ ஆய்வகத்தில் 34 ஆண்டுகள் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் உதாரணங்கள் ரத்தக் குழாய்களிலிருந்தும் மெஷின்களிலிருந்தும்தான் வரும்.

கேள்வி: மேடம், எனக்கு 26 வயது. சிந்தனைப் பிழைகள் பற்றிய காணொளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பிழையின் பெயரும் தலைகீழாகத் தெரியும். ஆனாலும் போன மாதம் நண்பன் அனுப்பிய ஒரு வேலை அறிவிப்பை நம்பி, என் சான்றிதழ் நகல்களையும் அடையாள அட்டையையும் முகம் தெரியாத யாருக்கோ அனுப்பிவிட்டேன். அது போலி. இவ்வளவு தெரிந்தும் என்ன பயன்? தினமும் செய்யக்கூடியதாக ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
– வேலை தேடும் ஓர் இளைஞர்

பதில்: முதல் வேலையாக, இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். நாளைக்கு உங்கள் பெயரில் யாராவது சிம் கார்டோ கடனோ வாங்கினால், நீங்கள் எந்தத் தேதியில் புகார் கொடுத்தீர்கள் என்பதுதான் உங்களைக் காப்பாற்றும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். பிழைகளின் பெயர் தெரிந்தால் அடுத்தவர் பேச்சில் அவற்றைச் சுலபமாகப் பிடித்துவிடலாம். நம் மண்டைக்குள் நடக்கும்போது அவை பெயர் சொல்லிக்கொண்டு வருவதில்லை, "இது உண்மைதானே" என்ற உணர்வாகத்தான் வருகின்றன. அதனால் பெயர்ப் பட்டியல் அந்த நேரத்தில் கைகொடுக்காது. வாயிலும் கையிலும் பழகிப்போன ஒரு செயல் வேண்டும்.

ஒன்றே ஒன்று என்றால் நான் சொல்வது இதுதான்: "ஆம்" விகுதியைத் தொலைக்காதீர்கள்.

"அவர் வந்தார்" என்றால் நான் பார்த்தேன், அல்லது எனக்கு உறுதியாகத் தெரியும் என்று பொருள். "அவர் வந்தாராம்" என்றால் யாரோ சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. ஒரே ஒரு விகுதியில் "இதற்கு நான் பொறுப்பில்லை, கேட்டதைச் சொல்கிறேன்" என்று தெரிந்துவிடுகிறது. துருக்கி மொழியிலும் இப்படி ஒரு விகுதி உண்டு. எல்லா மொழிகளுக்கும் இந்த வசதி இல்லை. நமக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது, நாம்தான் அதைப் பாதி வழியில் தவறவிடுகிறோம்.

உங்கள் அறிவிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் யாரோ ஒருவர் "ஆள் எடுக்கிறார்களாம்" என்றிருப்பார். உங்கள் நண்பனிடம் வந்தபோது அது "ஆள் எடுக்கிறார்கள்" என்று ஆகியிருக்கும். உங்களிடம் வந்தபோது "நாளைக்குக் கடைசி நாள், சீக்கிரம் அனுப்பு". கை மாறக் கைமாற விகுதி உதிர்ந்து, அவசரம் வந்து ஒட்டிக்கொண்டது. நடுவில் யாரும் வேண்டுமென்று பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

பயிற்சி இப்படி. ஒரு நோட்டு வாங்கி, படுக்கப் போகும் முன் ஐந்தே ஐந்து வாக்கியம் எழுதுங்கள். அன்றைக்கு நீங்கள் நம்பியவை, அல்லது அடுத்தவரிடம் சொன்னவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஓர் எழுத்து: கண்டதற்கு "க", கேட்டதற்கு "கே", ஊகித்ததற்கு "ஊ". பத்து நிமிடம் ஆகும்.

என் நோட்டிலிருந்து போன வார வரி ஒன்று: "மாடி வீட்டுப் பெண்ணுக்கு என் மேல் கோபம்." பக்கத்தில் "க" என்று எழுதப் போய்விட்டேன். கண்ணால் பார்த்தேனே! பேனாவை வைத்ததும்தான் உறைத்தது. நான் கண்டது, படியில் எதிரே வந்தவள் ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனதை. கோபம் என்பது நான் போட்டுக்கொண்டது. "க"வை அடித்து "ஊ" எழுதினேன். இரண்டு நாள் கழித்து அவளே வந்து சொன்னாள், அன்றைக்குப் பல் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு வந்திருக்கிறாள். அந்த இரண்டு நாளும் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் இருந்ததற்கு அந்த ஒற்றை எழுத்துதான் காரணம்.

"கே" போட்ட வரிகளுக்கு மட்டும் இன்னொரு கேள்வி உண்டு: சொன்னவர் கண்டாரா, அவரும் கேட்டாரா? நாம் அறிந்துகொள்ளும் வழிகளை நம் பழைய நூல்கள் "அளவை" என்று வகைப்படுத்தின. மணிமேகலையில், பல சமயத்தார் தங்கள் கொள்கையைச் சொல்லும் காதையில் இப்படி ஒரு பட்டியல் வருகிறது. காண்டல், கருதல் என்று தொடங்கும் அந்த வரிசையில் "ஐதிகம்" என்று ஒன்று உண்டு. அதற்கு அங்கே கொடுத்திருக்கும் உதாரணம்: இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று உலகம் சொல்வதைக் கேட்டு அப்படியே தெளிந்துகொள்வது. எத்தனை நூற்றாண்டுக்கு முந்தைய உதாரணம்! என் நோட்டில் "கே" போட்ட வரிகளில் எத்தனை இந்தப் பேய்க்குப் பக்கத்தில் நிற்பவை என்று எண்ணிப் பார்த்தபோது எனக்குக் கவலையாகவே இருந்தது.

மூன்று வாரம் விடாமல் எழுதினால், இரவில் நோட்டில் போடும் எழுத்து பகலில் பேசும்போதே வாயில் வரத் தொடங்கும். "எடுக்கிறார்கள்" என்று சொல்ல வந்து "எடுக்கிறார்களாம்" என்று திருத்திக்கொள்வீர்கள். நான் எதிர்பார்ப்பது அந்தத் திருத்தத்தைத்தான்.

கேள்வி: அம்மா, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மாமனார் தினமும் நாலைந்து உடல்நலச் செய்திகள் அனுப்புகிறார். பாதி தவறு என்று தோன்றுகிறது. மறுத்தால் வருத்தப்படுகிறார். எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்துச் சரிபார்க்கவும் எனக்கு நேரமில்லை. இரண்டு நிமிடம்தான் கிடைக்கும்.
– ஒரு மருமகள்

பதில்: இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தை அந்தச் செய்தியையே திரும்பத் திரும்பப் படிப்பதில் செலவழிக்காதீர்கள்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 45 பேரிடம் சில இணையதளங்களைக் காட்டி, நம்பலாமா என்று மதிப்பிடச் சொன்னார்கள். 10 பேர் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாளர்கள், 25 பேர் மாணவர்கள், 10 பேர் தகவல் சரிபார்ப்பையே தொழிலாகச் செய்பவர்கள். படித்த வரலாற்றாளர்களில் பலரும் மாணவர்களைப் போலவே அந்தப் பக்கத்திலேயே நின்று, அதன் தோற்றம், சின்னம், முகவரி எல்லாவற்றையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே வெளியே போய், "இவர்கள் யார்? மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?" என்று தேடினார்கள். சீக்கிரமாகவும் முடித்தார்கள், சரியாகவும் சொன்னார்கள். வீடு வாடகைக்குப் பார்க்கப் போனால் சுவரின் பெயின்ட்டைப் பார்ப்பதோடு நிற்காமல் அக்கம்பக்கத்தில் விசாரிப்போம் இல்லையா, அதுதான் இது.

2020 மார்ச்சில் வந்த ஒரு செய்தி நினைவிருக்கும்: 10 விநாடி இருமல் இல்லாமல் மூச்சை அடக்க முடிந்தால் உங்களுக்குக் கொரோனா இல்லை. அதன் தலையில் ஒட்டியிருந்த பெயர்களில் ஸ்டான்ஃபோர்டும் ஒன்று! அது தங்களுடையது இல்லை என்று ஸ்டான்ஃபோர்டு சொன்னது. மூச்சை அடக்குவது சோதனையே இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. அந்தச் செய்தி எனக்கும் வந்தது. படித்து முடிப்பதற்குள் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணத் தொடங்கிவிட்டேன். வாழ்நாள் முழுவதும் சோதனைகளோடே இருந்த எனக்கே பயம் முந்திக்கொண்டது. ஆறு, ஏழு என்று எண்ணும்போதுதான் தொழில் நினைவுக்கு வந்தது. நோய் இருந்தும் மூச்சை அடக்கக்கூடியவர்கள் இருப்பார்கள். நோய் இல்லாமலே, வேறு நுரையீரல் பிரச்சினையால் அடக்க முடியாதவர்களும் இருப்பார்கள். இரண்டு பக்கமும் தவறான பதில் தருகிற ஒன்றைச் சோதனை என்று எப்படிச் சொல்வது?

செய்தியில் எண் இருந்தால் மட்டும் கூடுதலாக ஒன்று கேளுங்கள்: எத்தனை பேரில்? 1995 அக்டோபரில் பிரிட்டனில், சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு ஆபத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று எச்சரிக்கை வந்தது. அது உண்மைதான். 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்தது இரண்டு பேருக்கு ஆனது. ஆனால் மக்கள் காதில் விழுந்தது "இரண்டு மடங்கு" மட்டும். ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின என்று பின்னர் மதிப்பிட்டார்கள். கருவுற்றிருக்கும்போது ரத்தக்கட்டு ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதை நினைத்தால் இன்னும் வேதனை.

மாமனார் விஷயம். குழுவில் எல்லோர் முன்னாலும் "இது தவறு" என்று போடாதீர்கள். அவர் அனுப்புவது உங்கள் மேல் உள்ள அக்கறையால். தனியாக இருக்கும்போது, "மாமா, இதை உங்களுக்கு யார் அனுப்பினார்? அவர் யாருக்காவது செய்து பார்த்தாராமா?" என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் இருவருமாகச் சேர்ந்து தேடுங்கள். வாரத்துக்கு ஒன்று போதும். தானே தேடித் தவறு என்று கண்டுபிடித்ததை அவரே குழுவில் போடும் நாள் வரும். நீங்கள் போட்டால் அவர் தோற்றதாக ஆகும்.

கேள்வி: நான் ஓர் ஆசிரியர். கைபேசி அதிகம் பயன்படுத்தும் மாணவர்கள்தான் மதிப்பெண் குறைவாக எடுக்கிறார்கள் என்பதை 12 ஆண்டுகளாகக் கண்ணால் பார்க்கிறேன். எத்தனையோ பேரை உதாரணம் காட்டிவிட்டேன். சக ஆசிரியர் ஒருவர் ஏற்க மறுக்கிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?
– ஒரு பள்ளி ஆசிரியர்

பதில்: ஐயா, அவருக்குப் புரியவைப்பதை ஒரு பருவத்துக்குத் தள்ளிவையுங்கள். நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் ஆதாரம் ஒரே மாதிரியான ஆதாரம்.

1960இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் லண்டனில் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். உங்கள் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். "என் மனதில் ஒரு விதி இருக்கிறது. 2, 4, 6 அந்த விதிக்குப் பொருந்தும். நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள், பொருந்துமா பொருந்தாதா என்று சொல்கிறேன். விதி உறுதியாகத் தெரிந்ததும் அறிவியுங்கள்." மாணவர்கள் 8, 10, 12 என்பார்கள். பொருந்தும். 20, 22, 24? பொருந்தும். "விதி, இரண்டு இரண்டாகக் கூடுவது!" என்பார்கள். தவறு. விதி வெறுமனே "ஏறுவரிசையில் மூன்று எண்கள்". 1, 7, 90 கூடப் பொருந்தும். வேசனின் 29 மாணவர்களில் 6 பேர்தான் தவறான விதி எதையும் அறிவிக்காமல் சரியானதைச் சொன்னார்கள். மற்றவர்கள் தங்கள் எண்ணத்துக்கு "ஆமாம்" வரக்கூடிய எண்களையே அதிகம் கேட்டார்கள். "இல்லை" வரக்கூடியதைக் கேட்கத் தோன்றவில்லை.

எனக்கு இது நெஞ்சில் பதிந்தது வேறு வழியில். வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. ஒருவருடைய ரத்தத்தில் பொட்டாசியம் 7.8 என்று வந்தது. சாதாரணமாக 3.5இலிருந்து 5க்குள் இருக்க வேண்டும். 7.8 என்றால் இதயத் துடிப்பே தடுமாறி நின்றுவிடலாம். ரத்த அணுக்கள் உடைந்திருந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும், ஆனால் அப்போது சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரிந்து நிற்கும் தெளிந்த நீர்) சிவந்திருக்கும். இது தெளிந்த மஞ்சளாக இருந்தது. திரும்ப ஓட்டினேன், 7.9. மூன்றாம் முறை, 7.8. மூன்று முறையும் ஒரே மாதிரி! இனி என்ன சந்தேகம் என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போடப் போனேன்.

எங்கள் சீனியர் சார் பின்னால் வந்து நின்றார். "இது தப்பாக இருந்தால், வேறு எங்கே தெரியும்?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "கால்சியம் பார்" என்றார். அதே சீரத்தில் கால்சியம் போட்டேன். 8.5க்கு மேல் இருக்க வேண்டியது, 3கூட இல்லை. அப்படிப்பட்ட கால்சியத்தோடு ஒருவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்க முடியாது. அவர் படித்துக்கொண்டுதான் இருந்தார்.

நடந்தது இதுதான். ரத்த அணுக்களை எண்ணுவதற்கான ஊதா மூடிக் குழாயில், ரத்தம் உறையாமல் இருக்க பொட்டாசியம் கலந்த ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கும். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் ரத்தம் உறைவதில்லை. ரத்தம் எடுத்தவர், சிவப்பு மூடிக் குழாயில் அளவு குறைகிறதே என்று ஊதாக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருந்தார். பொட்டாசியம் ஏறியது, கால்சியம் இறங்கியது. புது ரத்தம் எடுத்துப் பார்த்தோம், பொட்டாசியம் 4.3.

மெஷின் மூன்று முறையும் உண்மையைத்தான் சொன்னது. நான்தான் மூன்று முறையும் ஒரே கேள்வியைக் கேட்டேன். 8, 10, 12. அப்புறம் 20, 22, 24. மூன்று முறை பார்த்ததால் எனக்கு உறுதி கூடியது, ஆதாரம் ஒரு துளியும் கூடவில்லை. அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் பொட்டாசியத்தை இறக்கும் மருந்து அவருக்கு ஏற்றப்பட்டிருக்கும். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

உங்களுக்கான பயிற்சி: ஒரு தாளை நான்காக மடியுங்கள். கைபேசி அதிகம், மதிப்பெண் குறைவு. கைபேசி அதிகம், மதிப்பெண் நன்று. கைபேசி குறைவு, மதிப்பெண் குறைவு. கைபேசி குறைவு, மதிப்பெண் நன்று. 12 ஆண்டுகளாக முதல் கட்டத்தில் இருப்பவர்கள்தான் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறார்கள். மற்ற மூன்று கட்டங்களிலும் மாணவர்கள் இருந்திருப்பார்கள், பெயர்தான் நினைவில் நிற்கவில்லை. ஒரு பருவம் முழுக்க, வகுப்பில் ஒருவர் விடாமல் நாலு கட்டத்திலும் எழுதுங்கள். அப்புறம் இன்னொன்றும் பாருங்கள்: கைபேசியால் மதிப்பெண் குறைந்ததா, பாடம் புரியாமல் போனதால் கைபேசியிடம் போனானா? எது முதலில் நடந்தது என்பதற்கும் தேதி வேண்டும்.

டார்வின் தன் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு பழக்கத்தைச் சொல்கிறார். தன் முடிவுக்கு எதிரான தகவலோ எண்ணமோ வந்தால் அந்தக் கணமே குறித்துவைப்பாராம், ஏனென்றால் சாதகமானவற்றைவிட அவைதான் சீக்கிரம் மறந்துபோகின்றன என்று கண்டாராம். உங்கள் தாளின் மற்ற மூன்று கட்டங்களுக்கும் அதே கதிதான் நேர்ந்திருக்கிறது.

பருவம் முடிந்ததும் அந்தத் தாளைச் சக ஆசிரியரிடம் கொடுங்கள். வாதம் எதுவும் வேண்டாம், தாளை மட்டும்.

கேள்வி: இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே, சந்தேகம் வந்தால் அதனிடம் கேட்டால் போதாதா?
– பெயர் வேண்டாம்

பதில்: கேளுங்கள். ஆனால் உங்கள் பதிலை முதலில் இரண்டு வரி எழுதிவிட்டுக் கேளுங்கள். எழுதாமல் கேட்டால், அது சொல்வது உங்களுக்கு முன்பே தெரிந்ததுபோலத் தோன்றும், உங்கள் எண்ணம் என்னவாக இருந்தது என்பதே தெரியாமல் போகும். "நான் நினைப்பது சரியா?" என்று கேட்பதைவிட "நான் நினைப்பதற்கு எதிராக இருக்கும் மிக வலுவான வாதம் என்ன?" என்று கேட்டால் அதிகப் பயன். இல்லாத நூலையும் இல்லாத ஆய்வையும் இருப்பதுபோல அது சொல்லிவிடும். அதனால் நோட்டில் அதற்கும் "கே"தான். எவ்வளவு அழகாகச் சொன்னாலும் அது கண்டதில்லை.

கேள்வி: உங்கள் பழைய பதிலைப் படித்துவிட்டு ஓராண்டாக நாட்குறிப்பு எழுதுகிறேன். நான் தேறியிருக்கிறேனா என்று எப்படி அளப்பது? தெளிவாகச் சிந்திப்பதுபோலத்தான் எனக்குத் தோன்றுகிறது.
– ஒரு நூலகர்

பதில்: அந்தத் தோற்றத்தை நம்பாமல் கேட்டீர்களே, அதற்கு என் வணக்கம். அளக்க ஒரு வழி உண்டு: நடக்கப்போவதை எண்ணோடு எழுதிவைத்து, நடந்த பிறகு பார்ப்பது.

எண் ஏன் வேண்டும்? 1951இல் அமெரிக்க உளவு அமைப்பு, யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்க "கணிசமான வாய்ப்பு" உண்டு என்ற பொருளில் ஓர் அறிக்கை கொடுத்தது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஷெர்மன் கென்ட் பிறகு தன் சகாக்களிடம், அந்தச் சொல்லை எழுதும்போது எத்தனை விழுக்காடு மனதில் இருந்தது என்று கேட்டார். 20 என்று நினைத்தவரும் இருந்தார், 80 என்று நினைத்தவரும் இருந்தார். எல்லோரும் ஒரே வாக்கியத்துக்குத்தான் ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். "நடக்கலாம்", "அநேகமாக", "பார்க்கலாம்" என்ற சொற்களில் நாமும் இப்படித்தான் ஒளிந்துகொள்கிறோம். எது நடந்தாலும் "அப்போதே சொன்னேனே" என்று சொல்லிக்கொள்ளலாம்.

எனவே வாரத்துக்கு ஐந்து எழுதுங்கள். சின்ன விஷயங்களாக, ஒரு மாதத்துக்குள் விடை தெரிவதாக இருக்கட்டும். "இந்த நூலைக் கொண்டுபோனவர் தவணைக்குள் திருப்பித் தருவார், 80." க்ளென் பிரையர் என்ற வானிலையாளர் 1950இல் கொடுத்த கணக்கின் எளிய வடிவம் இது: 80 என்பதை 0.8 ஆக்குங்கள். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வித்தியாசத்தாலேயே பெருக்குங்கள். அவர் திருப்பித் தந்தால் 0.04. தராவிட்டால் 0.64. எல்லாவற்றின் சராசரியை எடுங்கள். குறைவாக இருக்க இருக்க நல்லது. ஒன்றும் தெரியாமல் எல்லாவற்றுக்கும் 50 போட்டால்கூட 0.25 வரும். அதற்கு மேலே போனால், தெரியும் என்ற நினைப்பு நமக்குக் கெடுதல்தான் செய்கிறது.

மழை வரும் வராது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கில் நன்றாகத் தேறுகிறார்கள். காரணம் எளிது: அவர்களுக்கு மறுநாளே விடை தெரிந்துவிடுகிறது, தினமும் தெரிகிறது. நமக்கு விடை வருவதற்குள் நாம் சொன்னதே மறந்துவிடுகிறது, அல்லது மாறிவிடுகிறது.

என் முதல் ஆறு மாதக் கணக்கு: 90 என்று போட்டவை 30. நடந்தவை 21. பிரித்துப் பார்த்தபோது, வேலைகள், தேதிகள் பற்றிச் சொன்னவை பெரும்பாலும் சரி. என் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று சொன்னவைதான் தவறிக்கொண்டே இருந்தன. பெற்றவளுக்குத் தெரியாதா என்ற நினைப்பில் 90 போட்டிருக்கிறேன். இப்போது அவர்களைப் பற்றி எதுவும் 70க்கு மேல் எழுதுவதில்லை. அதைவிட முக்கியம், இப்போதெல்லாம் அவர்களிடமே கேட்டுவிடுகிறேன்.

கேள்வி: அம்மா, என்னால் எதையும் நம்ப முடியவில்லை. தோழிகள் எது சொன்னாலும் "ஆதாரம் என்ன?" என்று கேட்டுவிடுகிறேன். என்னைக் கண்டாலே பேச்சை நிறுத்துகிறார்கள். ஆராய்ந்து சிந்திப்பது தவறா?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: தவறில்லை அம்மா. ஆனால் நீ சோதிப்பது எதை என்று பார்.

ஆய்வகத்தில் காலையில் முதல் வேலை, நோயாளிகளின் ரத்தத்தைத் தொடுவதில்லை. கன்ட்ரோல் என்று ஒரு திரவம் இருக்கும். அதில் சர்க்கரை எவ்வளவு, யூரியா எவ்வளவு என்று முன்பே தெரியும். அதை மெஷினில் ஓட்டி, வரும் எண்ணை ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைப்போம். நடுவில் ஒரு கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள். லெவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் 1950இல் ஆய்வகங்களுக்குக் கொண்டுவந்த முறை இது. புள்ளி எல்லை தாண்டினால் அன்றைக்கு மெஷின் சரியாகும்வரை ஒரு ரிப்போர்ட்டும் போகாது. எல்லைக்குள் இருந்தும் பத்து நாளாக எல்லாப் புள்ளியும் கோட்டுக்கு மேலேயே விழுந்தால், அதுவும் கோளாறுதான். மெஷின் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று பொருள்.

கன்ட்ரோல் சரியாக வந்துவிட்டால், அப்புறம் ஒவ்வொரு நோயாளியின் ரத்தத்தையும் மூன்று முறை ஓட்டமாட்டோம். ஓட்டினால் மாலைக்குள் ஒருவருக்கும் ரிப்போர்ட் கிடைக்காது. உயிருக்கு ஆபத்தான எண் வந்தால், அல்லது ஆளுக்கும் எண்ணுக்கும் பொருத்தமே இல்லை என்றால் மட்டும் நிறுத்திப் பார்ப்போம்.

நீ இப்போது வருகிற ஒவ்வொரு ரத்தத்தையும் மூன்று முறை ஓட்டுகிறாய், கன்ட்ரோல் ஓட்டுவதில்லை. சந்தேகப்பட வேண்டிய மெஷின் முதலில் உன்னுடையது. கடந்த மாதம் நீ தோழிகளிடம் உறுதியாகச் சொன்னவற்றில் எவை தவறாகப் போயின? ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை என்றால், நீ தவறவே இல்லை என்று பொருளில்லை, குறித்துவைக்கவில்லை என்றுதான் பொருள். உன் தவறுகள் எல்லாம் ஒரே பக்கமாக விழுகின்றனவா என்றும் பார். சிலருக்கு ஆட்களைத் தவறாக எடைபோடுவது வழக்கம், சிலருக்குக் காலத்தை. ஒருத்தியை உனக்குப் பிடிக்காது என்பதால் அவள் சொன்னதெல்லாம் பொய்யாகத் தெரிந்திருக்கலாம்.

தோழிகள் பேசுவதில் பெரும்பகுதி ஆதாரம் கேட்கிற வகையே இல்லை. "இன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை" என்பதற்கு என்ன ஆதாரம் கேட்பாய்? அவள் கண்டதை, தன் உள்ளே கண்டதை, சொல்கிறாள். பணம், உடல்நலம், அடுத்தவர் பெயர் ஆகியவற்றைத் தொடுகிற பேச்சு வந்தால் மட்டும் நின்று கேள். அப்போதும் "ஆதாரம் என்ன?" என்று வேண்டாம், நீதிமன்றக் கூண்டில் நிற்பதுபோல இருக்கும். "நீ பார்த்தாயா, யாராவது சொன்னார்களா?" என்று கேட்டால் போதும். பாதி நேரம் அவளே யோசித்து, "சொன்னாங்கப்பா, நான் பார்க்கலை" என்று சொல்லிவிடுவாள்.

உன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "நான் உறுதியாகச் சொல்லித் தவறியவை" என்று தலைப்பிட்டு, இன்றிரவு ஒரு வரியாவது எழுது. அது தோழி ஒருத்தியைப் பற்றியது என்றால், நாளைக்கு அவளிடமே போய், "அன்றைக்கு நான் சொன்னது தப்பு" என்று சொல்லிவிடு. அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்கு எழுது. காத்திருக்கிறேன்.